அமானிதமாக ஒரு கண்



சுபஹ் தொழுதுவிட்டுக் குர்ஆனை விரிக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நினைவு வரும். என் வலது கண் என் உம்மாவின் வயிற்றில் உருவானது. இடது கண்ணின் முன்னால் உள்ள கண்ணாடி போன்ற படலமோ வேறு யாரோ ஒரு தாயின் வயிற்றில் உருவானது. அந்த மனிதர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மார்க்கம் என்று எனக்குத் தெரியாது. அவர் மௌத்தான சில நாட்களுக்குள் அது என் கண்ணில் வைத்துத் தைக்கப்பட்டது. அதன் வழியாகத்தான் இன்று அல்லாஹ்வின் வேதத்தின் எழுத்துக்களைப் பார்க்கிறேன்.

இதைப்பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். எழுதினால் என் குறையொன்றையும் எழுத வேண்டி வருமே என்று தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளிப்போடுவது சரியில்லை.

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கம் கடை. காலையில் கதவைத் திறந்தால் பனிக்குள் நமுனுகுல மலை தெரியும். கவ்வாத்து வெட்டிய மலைகளிலிருந்து கட்டுக்கட்டாக வரும் மிலாறுதான் எங்கள் பக்கத்து அடுப்புகளுக்கு விறகு. 2012ஆம் ஆண்டு றமழானில் ஒரு நாள் ஸஹருக்குச் சோறு வைப்பதற்காக ஒரு மிலாறை முழங்காலில் வைத்து முறித்தேன். அதன் நுனி தெறித்து இடது கண்ணில் பட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் கண் சிவந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தாய்ப்பால் விடச் சொன்னார், விட்டோம். இன்னொருவர் இலைச் சாறு பிழியச் சொன்னார், பிழிந்தோம். கணவருக்கு முன்பொரு தடவை கண் சிவந்தபோது வாங்கிய சொட்டு மருந்து அலுமாரியில் மிச்சமிருந்தது. அதையும் விட்டேன். சிவப்புக் குறைந்தது போலிருந்தது. உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருந்தது. ஏழாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே கண்ணின் புண்ணை மெல்லச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். பூஞ்சணம் என்றார்கள். செடிகொடிகளின் குச்சியோ இலையோ கண்ணில் கீறினால் இப்படி வருவதுண்டாம். நான் விட்ட பழைய மருந்து ஸ்டீரொயிட் சேர்ந்தது. பூஞ்சணத்திற்கு அது எரு போட்டது போல என்று டொக்டர் விளக்கினார். மணிக்கொரு தடவை, இரவு பகல் பாராமல் மருந்து விட்டார்கள். மூன்று வாரத்தில் புண் ஆறியது. ஆனால் ஆறிய இடத்தில் வெள்ளையாகத் தழும்பு படிந்துவிட்டது. நமது பெரியவர்கள் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று சொல்வார்களே, அதுதான். இடது கண்ணால் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது.

சகோதரிகளே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால் மணிக்கூட்டுக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதற்குக் கருவிழிப்படலம் என்று பெயர். நடுப்பகுதியில் அரை மில்லிமீற்றர் அளவுதான் அதன் தடிப்பு; அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் அது பளிங்கு போலத் தெளிவாயிருக்கிறது. அது வெளுத்துவிட்டால், பின்னாலுள்ள கண் முழுவதும் நல்ல நிலையில் இருந்தாலும் பார்வை இல்லை. கண்ணாடி போட்டும் பயனில்லை, மருந்தும் பயனில்லை. வெளுத்த படலத்தை வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் தெளிந்த படலத்தை அந்த இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும். கடையில் வாங்கக்கூடிய பொருளல்ல அது. மனிதனிடமிருந்துதான் மனிதனுக்கு வர வேண்டும்.

இந்தச் சத்திரசிகிச்சை புதியதல்ல. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி, இன்று செக் நாட்டிலுள்ள ஒலமோட்ஸ் என்ற ஊரில் எட்வர்ட் சிர்ம் என்ற டொக்டர் இதை முதன்முதலாக வெற்றியாகச் செய்தார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளிக்கு, வேறு காயத்தால் கண்ணை அகற்ற வேண்டி வந்த ஒரு சிறுவனின் படலத்தை வைத்தார். பிற்காலத்தில் ரஷ்ய டொக்டர் ஃபிலாத்தோவ் போன்றவர்கள் இறந்தவர்களின் கண்ணிலிருந்தும் எடுத்து வைக்கலாம் என்று காட்டினார்கள்.

நமது நாட்டில் இது வளர்ந்த வரலாறு ஒரு தாயோடு தொடர்புடையது. 1958இல் மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, கண்களைத் தானம் செய்யுங்கள் என்று சிங்களப் பத்திரிகையில் எழுதினார். தானும் மனைவியும் தாயும் முதலில் வாக்குக் கொடுத்தார்கள். 1960இல் தாய் இறந்தபோது அவருடைய படலம் ஓர் ஏழை விவசாயிக்கு வைக்கப்பட்டது. அந்த மனிதருக்குப் பார்வை வந்தது. 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் உருவாயிற்று. ஆரம்பத்தில் கண்களைப் பாதுகாத்தது அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான். 1964இல் ஐஸ் போட்ட பிளாஸ்கில் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. அன்றிலிருந்து இந்தச் சிறிய தீவு உலகின் பல நாடுகளுக்குக் கண் கொடுத்து வருகிறது. முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன 1996இல் மரணித்தபோது அவரது கண்கள் ஜப்பானுக்குப் போயின.

நமது கண்களை அதிகமாகப் பெற்ற நாடு எது தெரியுமா? பாகிஸ்தான். ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் அங்கே இலங்கை மண்ணில் மரணித்தவர்களின் படலங்களால் பார்க்கிறார்கள். கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பௌத்தர்கள். சிவி அரசன் தன் கண்களைத் தானம் செய்த கதையைப் பன்சலையில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

நான் என் கதைக்கு வருகிறேன். பதுளையிலிருந்து கொழும்புத் தேசியக் கண் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்கள். இரவு மெயிலில் ஏறி, தெமோதரை, எல்ல, ஹப்புத்தளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போவேன். எத்தனை பயணங்கள்! கடைசியில் 2013இல் கண் கிடைத்திருக்கிறது என்று அழைப்பு வந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு சட்டென்று உறைத்தது. எனக்கு அழைப்பு வந்திருக்கிறதென்றால், எங்கோ ஒரு வீட்டில் மரணம் நடந்திருக்கிறது.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கும் தேயிலைக் குச்சி குத்தித்தான் கண்ணில் பூ விழுந்திருந்தது. ஊரில் ஒரே மலைக்காற்றைச் சுவாசித்த நாங்கள் கொழும்பில்தான் சந்தித்தோம். "யாரு பெத்த புள்ளையோட கண்ணோ தங்கச்சி, நமக்கு வந்திருக்கு" என்றார். சிவனுக்குக் கண் கொடுத்த கண்ணப்பன் கதையை எனக்குச் சொன்னார். நான் அவருக்குப் பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (றழி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். அவருக்காக அல்லாஹ் ஒரு சூராவையே இறக்கினான், நபிகளார் (ஸல்) அவரைத் தம் முஅத்தினாக வைத்திருந்தார்கள் என்றேன். "அப்படியா!" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே வாரத்தில் சத்திரசிகிச்சை நடந்தது.

கட்டவிழ்த்த உடனே உலகம் தெளிவாகத் தெரிந்தது என்று கதைகளில் வருவது போல நடக்கவில்லை. பால் கலந்த தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலிருந்தது. முடியைவிட மெல்லிய நூலால் சுற்றிவரத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல்களை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க ஒரு வருடத்திற்கு மேலாயிற்று. கிளினிக்கும் சொட்டு மருந்தும் இன்றுவரை தொடர்கின்றன. வந்த உறுப்பை உடல் சிலநேரம் ஏற்க மறுக்கும். சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் எதுவானாலும் அன்றைக்கே ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எட்டு மாதத்தில் என் மகனின் புத்தகத்தை அந்தக் கண்ணால் மட்டும் வாசித்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

அந்த நாட்களில் எனக்கு மருந்து விட்டவர் என் உம்மா. தொழுகை நேரங்களை வைத்துத்தான் கணக்கு வைத்திருந்தார். சுபஹுக்கு ஒரு சொட்டு, ளுஹருக்கு ஒரு சொட்டு. ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு மருந்தை விட்டுவிட்டுத் தலைமாட்டிலேயே இருந்தார்.

"புள்ள, நான் மௌத்தாப் போனா என்ட கண்ணையும் அவங்களுக்குக் குடுத்துடுங்க" என்றார்.

நான் திடுக்கிட்டேன். "என்ன உம்மா இது பேச்சு?"

"பக்கத்து வீட்டால கஞ்சி வந்தா அந்தக் கிண்ணத்த நாம வெறுங்கிண்ணமாத் திருப்பி அனுப்புறமா? ஒரு புடி சீனியாவது போட்டுத்தானே அனுப்புறம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

2017இல் ஒரு நாள் சுபஹுக்குச் சற்று முன்னர் உம்மா மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். விடிந்ததும் நானாமார் இருவரும் வந்துவிட்டார்கள். ளுஹருக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உம்மாவின் சொல் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து மண்டபக் கதவு வரைக்கும் போனேன். "நானா" என்று கூப்பிட்டேன். கபன் துணியைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "எல்லாம் வந்துட்டுது தங்கச்சி, நீங்க கவலப்படாதீங்க" என்றார் மூத்த நானா. நான் திரும்பி வந்துவிட்டேன். இன்னும் இரண்டு தடவை கதவுவரை போனேன். மையித்தைத் தொட விடுவார்களா, ஊர் என்ன சொல்லும், இந்த நேரத்தில் இதைப் பேசினால் நானா மனம் நோகுமே என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம். மணி ஓடியது. ஜனாஸா போய்விட்டது.

நாற்பது நாட்களுக்குப் பிறகு மூத்த நானாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நீண்ட நேரம் பேசாமலிருந்தார். "சொல்லியிருந்தா மௌலவிட்டக் கேட்டிருப்பேனே தங்கச்சி" என்றார்.

அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. மௌலவி ஆகுமென்று சொல்லியிருப்பாரோ, ஆகாதென்று சொல்லியிருப்பாரோ, அது வேறு விஷயம். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. வாங்கும்போது நான் யாரிடமும் ஃபத்வா கேட்டுத் தாமதிக்கவில்லையே! கொடுக்கும் நேரம் வந்தபோது மட்டும் எனக்கு எத்தனை தயக்கம்!

அதற்குப் பிறகுதான் உலமாக்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிக் கேட்டறிந்தேன். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் ஹஸன் மஃமூன் 1959இலேயே, இறந்தவரின் கண்ணை எடுத்துத் தேவையுள்ளவருக்கு வைப்பது ஆகும் என்று ஃபத்வா கொடுத்திருக்கிறார். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978இல் கருவிழி விஷயத்தை ஆராய்ந்து அனுமதித்தது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல் உறுப்பு மாற்றத்தைப் பற்றித் தீர்மானித்தபோது, இறந்தவர் முன்னரே சம்மதித்திருக்க வேண்டும் அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும், உறுப்பை விலைக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனைகளை விதித்தது.

ஆனால் எல்லா உலமாக்களும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ஷஃபீ போன்ற பெரியவர்கள் மனித உறுப்பை எடுத்து வைப்பதைக் கூடாதென்றார்கள். உடல் நமது சொத்தல்ல, அல்லாஹ்வின் அமானிதம். மையித்தின் கண்ணியத்தைக் கெடுக்கக் கூடாது என்பது அவர்களின் வாதம். மையித்தின் எலும்பை உடைப்பதைக் கண்டிக்கும் நபிமொழியை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அனுமதித்தவர்களும் அந்த நபிமொழியை மறுக்கவில்லை. அது அவமதிப்பைத் தடுக்கிறது, உயிரோடிருப்பவரின் தேவைக்காக மரியாதையோடு எடுப்பது அவமதிப்பாகாது என்கிறார்கள். ஆகவே உங்கள் ஊரில் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே கேளுங்கள். ஜனாஸா வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது.

பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் சில உண்டு. "கியாமத்தில் கண்ணில்லாமல் எழும்புவோமா?" என்கிறார்கள். கண் கபுரிலும் மண்ணாகத்தானே போகிறது? மண்ணிலிருந்து எழுப்புகிறவனுக்கு இது கஷ்டமா? "வாங்கினவர் அந்தக் கண்ணால் ஹராமைப் பார்த்தால் பாவம் நமக்கா?" என்கிறார்கள். ஒருவர் செய்த பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை அல்லவா? "முகம் கோரமாகாதா?" என்றும் கேட்கிறார்கள். ஆகாது. அரை மணித்தியாலத்திற்குள் முடியும் வேலை அது. எடுத்த பிறகு இமைகளை மூடிவிடுவார்கள்; உறங்குவது போலத்தான் முகம் இருக்கும். மஹ்ரமான ஒருவர் பக்கத்தில் நிற்கலாம். குளிப்பாட்டலுக்கு முன்னரே முடித்துவிடலாம்; அடக்கம் தாமதிக்க வேண்டிய அவசியமில்லை.

நேரம் மட்டும் முக்கியம். மரணித்து ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்திற்குள் எடுத்துவிட வேண்டும். வருபவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நோய்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள், கண்புரை வெட்டியவர்கள், சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள், வயதானவர்கள் எல்லோரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சட்காமாலைக் கிருமி, விசர்நாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் கண்களை எடுப்பதில்லை. இரத்த வகை பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. ஒருவரின் இரண்டு கண்களால் இரண்டு பேர் பார்க்கலாம். கண்தானச் சங்கத்திற்கு நாடெங்கும் கிளைகள் உள்ளன; பக்கத்து ஆஸ்பத்திரியில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள். பத்திரத்தில் கையெழுத்து வைப்பதைவிட வீட்டாரிடம் சொல்லி வைப்பதுதான் பெரிது. ஏனென்றால் அந்த நேரத்தில் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று. கண்ணைக் கொடுப்பதற்கு முன் நமது கண்ணைக் காப்பாற்றுவோம். மிலாறு முறிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சுண்ணாம்போ மருந்துத் தண்ணீரோ கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாய்ப்பால், இலைச் சாறு, அலுமாரியில் கிடக்கும் பழைய மருந்து எதுவும் வேண்டாம். லயத்திலிருந்து கடைக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். கடைக்குச் சாமான் வாங்க வரும் எல்லோரிடமும் நான் இதைச் சொல்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் மௌலவியை வீட்டுக்கு அழைத்தோம். கணவர், பிள்ளைகள், நானாமார் எல்லோரும் இருந்தார்கள். உம்மா சொன்னதைச் சொன்னேன். நான் மௌத்தானால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். மௌலவி நிபந்தனைகளை விளக்கினார். இளைய நானாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அது அவர் உரிமை. மூத்த நானா மட்டும் எழுந்து வந்து, "என்ட பேரையும் எழுதுங்க தங்கச்சி" என்றார்.

என் இடது கண்ணிலுள்ள படலத்தை இனி யாருக்கும் கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். அது என்னோடு மண்ணுக்குப் போகும். வலது கண் இருக்கிறது. கிண்ணத்தில் போட்டனுப்ப ஒரு பிடி சீனி.

எனக்குப் பார்வை தந்த அந்த முகமறியாத மனிதரின் வீட்டாருக்கு அல்லாஹ் நல்லருள் புரிவானாக. என் உம்மாவின் கபுரை அவன் ஒளியால் நிரப்புவானாக. அவர் கேட்டதை நிறைவேற்றாத என்னை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.